வகுப்புப் பிரதிநிதி யாருடைய பிரதிநிதி?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மனுநாளில் ஒரு குடும்பத்துக்காகப் பட்டா மனு எழுதிக் கொடுத்துவிட்டு, மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மாலை வகுப்பில் படித்து, இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போயிருக்கும் ஒரு பெண் அந்தப் பக்கமாக வந்தாள்.

"அக்கா, என்னை க்ளாஸ் ரெப்பா போட்டுட்டாங்க. ஒத்துக்கறதா வேணாமான்னு தெரியல."

"ஏம்மா, நல்ல விசயந்தானே?"

"எலெக்சன்லாம் வெக்கல அக்கா. சார் கைய காட்டி நீதான்னுட்டாரு. பசங்க கோட்டாவுல வந்துடுச்சின்னு பேசறாங்க. வேணாம்னு சொன்னா, பாத்தியா இவங்களுக்குப் பொறுப்பு குடுத்தா ஓடிடுவாங்கன்னு சொல்லுவாங்க."

டீ ஆறும்வரை பேசினோம். ஆனால் அன்று நான் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒரு வகுப்பறைப் பதவிதானே என்று எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் நம் மக்களின் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நம்மை யார் தேர்ந்தெடுப்பது? தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இரட்டைமலை சீனிவாசன் முதல் அம்பேத்கர் வரை மோதிய கேள்வி இதுதான். அவளுக்கும், அவளைப் போலக் கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்த வரலாற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரெப்பாக இருந்த கதை

2007-இல் இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்தேன். எங்கள் வகுப்புக்கு இரண்டு ரெப். பையன்களுக்கு ஒருவர், பெண்களுக்கு ஒருவர். பையன்களின் ரெப்பை அவர்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் செல்வாக்கான குடும்பத்துப் பையன். பெண்களுக்கு என்னை டியூட்டர் நியமித்தார். "நீ அமைதியான பொண்ணு, நீ இரு" என்றார். அந்தக் காரணத்தை அப்போது பாராட்டு என்று நினைத்தேன்.

சுற்றுலா எங்கே போவது, இண்டர்னல் தேதியைத் தள்ளிவைப்பது, விழாவுக்கு எவ்வளவு வசூலிப்பது, இதையெல்லாம் துறைத்தலைவர் அவனோடு பேசுவார். சாக்பீஸ் எடுத்து வருவது, ரெக்கார்டு நோட்டை அடுக்கிக் கொண்டுபோய் வைப்பது, விருந்தினர் வந்தால் தண்ணீர் வைப்பது, நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை ஒழுங்குபண்ணுவது எல்லாம் என் வேலை. பதவியின் பெயர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகைக்குப் பட்டியல் கேட்டார்கள். டியூட்டர் வகுப்புக்கு வெளியே நின்றபடி, "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் லிஸ்ட் எடுத்துக் கொடும்மா" என்றார். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப்புக்கு இருக்கறவங்க கை தூக்குங்க" என்று சொன்னேன். பத்துப் பதினோரு கைகள் மெதுவாக எழுந்தன. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் எண்ணி எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அந்த வகுப்பில் என் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கை தூக்கவில்லை. வகுப்பில் அவள் எந்தச் சாதி என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் தெரியும். அவளாக வந்து சொல்வாள் என்று இருந்துவிட்டேன். தேதி முடிந்தது. அந்த ஆண்டு அவளுக்குப் பணம் வரவில்லை. மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்டும்போது அவள் கல்லூரிக்கு வரவில்லை. பின்னால் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டேன். "அத்தன பேருக்கு முன்னாடி, உன் வாயாலயாடி நான் அதக் கேக்கணும்?" என்றாள்.

டியூட்டரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டது என் வாய். அன்று நான் வகுப்பின் பிரதிநிதியாக அலுவலகத்திடம் போகவில்லை. அலுவலகத்தின் ஆளாக வகுப்பிடம் வந்தேன். என்னைப் போட்டவர் டியூட்டர் என்பதால் அவருக்கு வேலை செய்வதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

நியமனமாக வந்தவர்கள்

1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குத் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. சேரியில் யாருக்கு அவ்வளவு சொத்து? அதனால் தலித் மக்களின் பிரதிநிதிகளைக் கவர்னர் நியமித்தார். அப்படி வந்தவர் எம்.சி.ராஜா. 1923-இல் வந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம் சிதம்பரத்திலிருந்து 1926-இல் போனவர் சுவாமி சகஜானந்தர்.

இந்த மூவரையும் நம் மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பவில்லை. கல்லூரி மொழியில் சொன்னால், சார் கையைக் காட்டிப் போட்ட ரெப்புகள். ஆனால் அவர்கள் உள்ளே போய் என்ன செய்தார்கள்?

எம்.சி.ராஜா பெயரிலிருந்து தொடங்கினார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்று குறிப்பிட வேண்டும் என்று மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-இல் அரசாணை வந்தது. இன்று உங்கள் சாதிச் சான்றிதழிலும் விடுதிப் பலகையிலும் இருக்கும் 'ஆதிதிராவிடர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நியமன உறுப்பினரின் உழைப்பு இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் தெருவையும் கிணற்றையும் கேட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், சந்தை ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடமாடுவதையும் பயன்படுத்துவதையும் யாரும் தடுக்கக்கூடாது என்ற அவரது தீர்மானம் 1924-இல் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அது அரசாணையாக வெளியானது. ஊர்த்தெருவில் அது உடனே நடைமுறைக்கு வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் தடுப்பவன் செய்வது சட்டவிரோதம் என்று சொல்ல ஒரு காகிதம் நம் கைக்கு வந்தது. அதுவரை அதுகூட இல்லை.

சகஜானந்தர் மேலவைக்குப் போவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1916-இல், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். நந்தனை வாசலில் நிறுத்திவைத்த கதையைச் சொல்லும் ஊரிலேயே நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விடுதி. மாவட்டத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனையோ பேருக்கு அடித்தளம் அந்தப் பள்ளிதான். 1959-இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை.

நியமனத்தில் வந்தோம் என்று இந்த மூவரும் கூச்சப்படவும் இல்லை, நியமித்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே காலத்தைக் கழிக்கவும் இல்லை. உள்ளே போனதும் வெளியே நின்றவர்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் நியமனத்தின் எல்லையும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நியமித்த கை நாளைக்கு வேறொருவரை நியமிக்கும். அதனால்தான் அடுத்த கட்டமாக ஓட்டைக் கேட்டார்கள்.

1932: யார் ஓட்டுப் போடுவது?

1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர். மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமையும், சட்டமன்றங்களில் போதிய இடமும் கேட்டார்கள். தங்கள் பிரதிநிதியைத் தங்கள் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகத் தனித்தொகுதி முறையையும் வலியுறுத்தினார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்று 'தனித்தொகுதி' என்று நாம் சொல்வது வேறு, அன்று அவர்கள் கேட்டது வேறு. இன்றைய தனித்தொகுதியில் தலித்துகள் மட்டுமே நிற்கலாம், ஆனால் தொகுதியில் உள்ள எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். அன்று கேட்டதில் நிற்பவரும் தலித், அவருக்கு ஓட்டுப் போடுபவரும் தலித். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் எல்லாச் சண்டையும் நடந்தது.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரி ஒதுக்கீடு அந்தக் கோரிக்கையை ஏற்றது. நாடு முழுதும் மாகாண சட்டமன்றங்களில் 71 இடங்கள். அந்த இடங்களுக்கு நம் மக்களே தனியாக ஓட்டுப் போடுவார்கள். பொதுத்தொகுதியிலும் அவர்களுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடங்கள் 148 ஆயின. அதில் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால் தனி ஓட்டு போனது. தலித் வாக்காளர்கள் முதலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நான்கில் ஒருவரைப் பொதுவாக்காளர்கள் முடிவுசெய்வார்கள். அந்த முதற்சுற்றும் சில காலத்துக்குத்தான். 1950-இல் வந்த அரசியல் சட்டத்தில் அது இல்லை.

எண்ணிக்கை இருமடங்கானது, பிடி போனது. ஊரின் ஓட்டை நம்பி ஜெயிக்க வேண்டியவர் ஊரை எதிர்த்துப் பேசுவாரா என்ற கேள்வி அன்று முதல் இன்றுவரை இருக்கிறது. அம்பேத்கர் 1945-இல் எழுதிய 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார்.

நம் மாகாணத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. எம்.சி.ராஜா 1932-இல் கூட்டுத்தொகுதியை ஆதரித்தவர். அதற்காக அம்பேத்கரோடு முரண்பட்டவர். அவரே 1938-இல் சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. நல்லெண்ணத்தை நம்பிக் கூட்டுத்தொகுதியை ஏற்றவருக்குச் சட்டமன்றம் தந்த பதில் அது. எம்.சி.ராஜாவைத் துரோகி என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கும் தோழர்கள் இந்த 1938-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் மாவட்டமும் இரட்டைத் தொகுதியும்

1952 பொதுத்தேர்தல். கடலூர் மக்களவைத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் பொது, ஒருவர் தலித். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. பொது இடத்தில் கோவிந்தசாமி கச்சிராயர் வென்றார். தனி இடத்தில் வென்றவர் காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல்.இளையபெருமாள். அப்போது அவருக்கு 28 வயது நிரம்பவில்லை. 1957-இல் சிதம்பரம் தொகுதி. அதுவும் இரட்டைத் தொகுதி. கனகசபைப் பிள்ளையோடு மீண்டும் இளையபெருமாள்.

ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வகுப்பின் இரண்டு ரெப் நினைவுக்கு வரும். ஊர்க்காரர் ஒரு வேலையாக எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேரில் யாரிடம் போவார்? இரண்டு எம்.பி.க்களும் சட்டப்படி சமம். சமூகம் அப்படிப் பார்க்குமா?

இந்த முறை ஒழிந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவர் மற்ற எல்லோரையும்விட அதிக ஓட்டு வாங்கினார்கள். அதனால் பொது இடமும் ஒரு பழங்குடி வேட்பாளருக்கே போனது. தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. அவர் வழக்குப் போட்டார். ஒதுக்கீட்டு இடத்துக்கு மனு செய்தவர் பொது இடத்தில் வெல்லத் தடையில்லை என்று 1959-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளில், 1961-இல், இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது.

இளையபெருமாளுக்கு வருவோம். அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீருக்கு இரண்டு பானை. தலித் பிள்ளைகளுக்குத் தனிப் பானை. அந்தப் பானையை உடைத்தவர் அவர். யாரும் அவரை எந்தப் பதவிக்கும் போடவில்லை. வகுப்பில் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு காரியம் செய்தார், அவ்வளவுதான். ரெப் வேலையின் ஆரம்பம் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1952 முதல் 1967 வரை மூன்று முறை அவர் மக்களவையில் இருந்தார். காங்கிரஸ்காரர். கட்சிக்குள் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, 1965-இல் அவர் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழுவைத்தான் காட்ட வேண்டும். தீண்டாமை, தலித் மக்களின் பொருளாதாரம், கல்வி பற்றி ஆராய்ந்த அந்தக் குழு 1969-இல் அறிக்கை தந்தது. 1955-ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம் பல்லில்லாமல் இருப்பதை அது எடுத்துக்காட்டியது. 1976-இல் அந்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. 1970-இல் தமிழக அரசு கொண்டுவந்த அர்ச்சகர் சட்டத் திருத்தத்துக்கு அது ஒரு முக்கியமான ஆதாரம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்வரை வந்த பாதையில் அந்த அறிக்கைக்கு இடமுண்டு. பள்ளிக்கூடப் பானையை உடைத்த பையன் நாடு முழுதுமுள்ள இரட்டைப் பானைகளைக் கணக்கெடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

கல்லூரி வாசலில் நின்றுபோன தேர்தல்

சிதம்பரத்துக்கு மாணவர் அரசியல் புதிதல்ல. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பு எதிர்ப்பில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1971-இல் அதே வளாகத்தில் உதயகுமார் என்ற மாணவரின் மரணம் நடந்தது. பெரிய கட்சிகளின் பல தலைவர்கள் அந்த வளாகத்திலிருந்து வந்தவர்கள். இன்றோ தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தல் இல்லை. ரெப் என்பவர் ஆசிரியர் கை காட்டும் ஆள்.

2006-இல் ஜே.எம்.லிங்டோ குழு மாணவர் தேர்தல் பற்றிப் பரிந்துரைகள் தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். செலவு 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நேரடித் தேர்தல் முடியாத பெரிய வளாகங்களில், வகுப்புதோறும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் மூலம் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அதாவது க்ளாஸ் ரெப் என்பது அந்தப் பரிந்துரையின்படி ஒரு தேர்தல் பதவி. நான் 2007-இல் சாக்பீஸ் தூக்கியபோது இது எனக்குத் தெரியாது. வகுப்பில் யாரும் சொல்லவும் இல்லை.

அந்தப் பரிந்துரைகளில் நாம் கேள்வி கேட்க வேண்டியவையும் உண்டு. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. 75 சதவீத வருகை வேண்டும். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் தவறுவது யார்? நடவுக்கும் அறுப்புக்கும் வீட்டோடு போய் வருகை குறைவது யாருக்கு? குரல் எழுப்ப அதிகக் காரணம் உள்ளவர்களையே இந்த விதிகள் வெளியே நிறுத்தும். 1920-இல் சொத்து இருந்தால்தான் ஓட்டு. இங்கே மார்க் இருந்தால்தான் வேட்பாளர்.

தரையில் உட்காரவைத்த தலைவர்

பதவி கிடைத்துவிட்டால் போதுமா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில், புவனகிரி பகுதியில் இருக்கிறது தெற்குத்திட்டை ஊராட்சி. 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஒரு தலித் பெண் அங்கே தலைவராக வென்றார். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலாளர் கைதானார். அந்தப் படம் வெளிவராமல் இருந்திருந்தால்?

சட்டம் அவருக்குத் தலைவர் பதவியைக் கொடுத்தது. ஊர் அவருக்குத் தரையைக் கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குக் கோபத்தோடு சேர்ந்து வெட்கமும் வந்தது. துறை நிகழ்ச்சிகளில் எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டு நான் சுவரோரம் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன்.

ஆகவே, என்ன செய்யலாம்?

தங்கச்சி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பதவியை ஏற்றுக்கொள். நியமனம் என்பதற்காக விட்டுவிடாதே. ஆனால் நியமித்தவரின் ஆளாக இருந்துவிடாதே. இந்த வழியில் போகும் மற்ற தோழர்களுக்கும் சேர்த்துச் சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில், வகுப்பிடம் போ. ஆசிரியர் தேர்தல் வைக்கவில்லை என்றால் நீயே மதிய இடைவேளையில் சீட்டு எழுதி வாங்கு. 'இவர் ரெப்பாக இருக்கலாமா' என்று கேள். பதில் எப்படி வந்தாலும் சரி, இனி நீ யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் என்பது உனக்கும் வகுப்புக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் போடு. யார் என்ன குறை சொன்னார்கள், எந்தத் தேதியில் யாரிடம் கொண்டுபோனாய், என்ன பதில் வந்தது என்று எழுதிவை. வாயால் சொன்னது காற்றில் போகும். முக்கியமானதை மனுவாக எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள். மாதம் ஒருமுறை வகுப்பின் முன்னால் நின்று அதைப் படி.

மூன்றாவது, துடைப்பது, அடுக்குவது, தண்ணீர் வைப்பது எல்லாம் ரெப் வேலை இல்லை. வகுப்பு வேலை. வரிசை எண் பிரகாரம் முறை போடு. பையன்களும் அதில் வரட்டும். கூட்டத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்.

நான்காவது, நான் செய்த தவறு. கல்வி உதவித்தொகை யாரும் போடும் பிச்சை அல்ல. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944-இல், தொடங்கிய திட்டம் அது. அதைக் கேட்க யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. அதே நேரம், யாருடைய சாதியையும் வகுப்பில் சொல்லவைக்க யாருக்கும் உரிமை இல்லை. மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பதையே சாதிப் பாகுபாடு என்று 2012-இல் யு.ஜி.சி. வெளியிட்ட சமத்துவ ஒழுங்குமுறைகள் வரையறுத்தன. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் தந்த அறிக்கையில், உதவித்தொகை விவரங்களை வகுப்பறையில் பேசக்கூடாது, மாணவரைத் தனியாக அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றது. அது பள்ளிகளுக்குச் சொன்னது. கல்லூரிக்கும் பொருந்தும்.

அதனால் பட்டியல் கேட்டால், "சார், அலுவலகத்திலேயே அட்மிஷன் விவரம் இருக்கு, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்க" என்று மரியாதையாகச் சொல். எல்லா உதவித்தொகைகளின் கடைசித் தேதியையும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதையும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் பொதுவாக அறிவி. பிறகு தேதி முடிவதற்குள் ஒருநாள், யார் இன்னும் கொடுக்கவில்லை என்று உனக்குத் தெரியுமோ அவர்களிடம் தனியாகப் போய் ஒரு வார்த்தை கேள். நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் ஒரு பெண்ணின் மூன்றாம் ஆண்டு.

இதையெல்லாம் எழுதி முடித்து அவளுக்கு அனுப்பினேன். நான்கு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது. மதிய இடைவேளையில் நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டு கொடுத்தாளாம். வகுப்பில் 58 பேர். அன்று வந்திருந்த 49 பேரில் 31 பேர் சரி என்று எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு சீட்டுல கோட்டான்னே எழுதியிருந்தாங்க அக்கா. அதயும் சேத்துதான் எண்ணினோம். நாளைக்கு மொத மனு. லேடீஸ் டாய்லெட்டுல தண்ணி வரல."